புளி உலுக்கிய நாளில் நின்றுபோன தேர்வு

சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்தவர், எந்தெந்த மரங்களில் காய் உலுக்கப் போகிறார் என்பதை மூன்று நாட்களுக்கு முன்பே பிரிவு அலுவலகத்துக்கும் அருகில் குடியிருப்போருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஏல நிபந்தனைகளில் அது பதினொன்றாவது. பணியில் இருந்தவரை ஆண்டுதோறும் அதைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன், வந்ததைப் பிழை பார்த்தேன், கையொப்பத்துக்கு வைத்தேன். அதன்படி யாராவது நடந்துகொண்டதாக ஒரு காகிதம்கூட என் மேசைக்கு வந்ததில்லை. நடக்க வேண்டியதை எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. நடக்கிறதா என்று பார்ப்பது வேறு பிரிவு.

சாலைகளையும் சாலையோர மரங்களையும் கவனிக்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு அந்த நிபந்தனையை எனக்கு நினைவூட்டியது என் மருமகள் எழுதிய கணினித் தேர்வு. புளிக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு சில வாரங்கள் அலைந்தேன்.

எங்கள் வீடு பாப்பிரெட்டிப்பட்டிக்குச் சற்று வெளியே, சாலையிலிருந்து நாலு வயல் தள்ளி இருக்கிறது. மகனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மருமகளும் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். மருமகள் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். குழந்தை பிறப்பதற்கு முன் பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரித்துக்கொண்டிருந்தாள். குளிரூட்டிய அறையில் வரிசையாக அடுக்கிய கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி வேலைக்குப் போக நினைத்தாள். பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தாள். இடையில் ஐந்து ஆண்டு வேலையில் இல்லை என்றதும் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஒன்று மட்டும் ஒதுங்கவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை, நல்ல சம்பளம், ஒரே ஒரு நிபந்தனை. அவளிடம் இருந்த லினக்ஸ் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் தேர்வை மறுபடி எழுதித் தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு அழைப்பு போகும்.

லினக்ஸ் என்பது யாருக்கும் சொந்தமில்லாத, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்திருக்கும் இயங்குதளம் என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் வந்தது. சும்மா கிடைக்கிற ஒன்றைப் பயன்படுத்துவதற்கு எதற்குச் சான்றிதழ், அதற்கு எதற்கு அத்தனை கட்டணம்?

"ரோடும் சும்மாதான் கெடக்குது மாமா. லைசென்ஸ் இல்லாம ஓட்ட வுடுவீங்களா?" என்றாள்.

சாலை அலுவலகத்தில் காலம் கழித்த நான் அதை அப்படியே ஒப்புக்கொண்டேன்.

சேலத்திலிருந்த தேர்வு மையத்தில் மே மாதம் வரை இடமில்லை. ஆனால் வீட்டிலிருந்தே இணையம் வழியாக எழுதலாம். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கான விதிகள் இருபது பக்கம். எல்லாவற்றையும் படித்தேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அப்படிப்பட்டவற்றைப் படிக்கப் பிடிக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கைப்பேசி இருக்கக் கூடாது. எழுத்து உள்ள எதுவும் சுவரில் தொங்கக் கூடாது. இணையத் தொடர்பு தேர்வரின் பொறுப்பு. அது தேர்வரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் அறுந்துபோய், அதைத் தேர்வர் நிரூபித்தால், கட்டணமில்லாமல் மறுதேர்வு தரப்படலாம். 'தரப்படலாம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே எழுதியவர் என் இனத்தைச் சேர்ந்தவர் என்று புரிந்துவிட்டது.

இன்னொரு விதிதான் என்னை மிகவும் மகிழ்வித்தது. தேர்வு லினக்ஸைப் பற்றியது. ஆனால் கேமரா வழியாகக் கண்காணிக்கும் அவர்களது மென்பொருள் லினக்ஸில் ஓடாது. ஆகவே லினக்ஸில் வல்லவள் என்று நிரூபிக்க அவள் காசு கொடுத்து வாங்கும் வேறோர் இயங்குதளம் உள்ள கணினியில் உட்கார வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது என்னுடைய மடிக்கணினி ஒன்றுதான். அதில் நான் சீட்டு விளையாடுவேன்.

தேர்வு மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. படுக்கையறையில் இருந்த தினசரி நாட்காட்டியைக் கழற்றினோம். நிலைக்கண்ணாடியைச் சேலையால் மூடினோம். குக்கர் வைக்கவோ மிக்ஸி போடவோ வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னபோது, "அப்ப மத்தியானத்துக்கு அந்தக் கேமராக்காரிய சமைக்கச் சொல்லுங்க," என்றாள். ஆனால் காலையிலேயே எலுமிச்சைச் சாதம் கிளறி வைத்துவிட்டாள். அறைக் கதவு சாத்தப்பட்டது. நான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாரும் மணி அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் சாலை தெரியும். ஒரு சிறிய லாரி வந்து நின்றது. பெண்கள் இறங்கித் தார்ப்பாய்களை விரித்தார்கள். இரண்டு ஆண்கள் நீண்ட மூங்கில் கழிகளோடு மரத்தில் ஏறினார்கள். புளி உலுக்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. காய் விழும் சத்தம் வயலைத் தாண்டி மழை போலக் கேட்டது. இந்த வருடம் நல்ல காய்ப்பு, ஏலம் நல்ல தொகைக்குப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மரத்துக்கு அவர்கள் போன சற்று நேரத்தில் அறைக் கதவு திறந்தது.

"நெட் போயிருச்சு மாமா," என்றாள் மருமகள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைகளை மட்டும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பாதித் தேர்வுதான் முடிந்திருந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இணைய நிறுவனத்தின் முகவராக எங்கள் பகுதியில் இருப்பவர், முன்பு கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். அவருக்குப் போன் செய்தேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்றால் நாளை என்று பொருள். நிறுவனத்தின் எண்ணுக்கு மருமகள் புகார் பதிவு செய்தாள். அவள் தன் கைப்பேசியில் தேர்வு அமைப்புக்கு எழுத முயன்றாள். மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மாடிப்படியில் ஏறி நின்று அனுப்பினாள்.

நான் சும்மா இருக்க முடியாமல் ஒயரைத் தொடர்ந்து நடக்கத் தொடங்கினேன். மாதா மாதம் பணம் கட்டுகிறேன், அந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சுவரிலிருந்து கிளம்பி எங்கள் வேப்பமரத்துக்குப் போனது. அங்கிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் காலைச் சுற்றிக்கொண்டு, வயல் வரப்பு ஓரம் நட்டிருந்த சவுக்குக் கம்புகளில் ஏறி இறங்கிச் சாலையைத் தொட்டது. சாலைக்கு வந்ததும் அதற்குக் கம்பமே தேவைப்படவில்லை. புளிய மரம் புளிய மரமாகப் போனது. ஒவ்வொரு மரத்திலும் எங்கள் அலுவலகம் வெள்ளைச் சுண்ணாம்பில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு இரண்டாள் உயரத்துக்கு மேலே, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஒயரைக் கட்டியிருந்தார்கள். ஒரு மரத்தில் சேலைக் கரையால் கட்டியிருந்தது. இன்னொன்றில் இணைப்புப் பெட்டியைச் சிமெண்ட் சாக்கால் சுற்றியிருந்தார்கள். அதற்கு மேல் ஓர் அணில் தேங்காய் நாரைச் சேர்த்து வைத்திருந்தது. அரசு மரத்தில் ஆணி அடிக்கவும் ஒயர் கட்டவும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். எந்தப் படிவம், யார் கையொப்பம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டு இந்தச் சாலையில் போய்வந்தும் தலையை நிமிர்த்தி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒயர் அறுந்த இடம், நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த இரண்டாவது மரம். கிளையோடு சேர்ந்து கழி அதை இழுத்திருக்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கறுப்பு ஒயர், புளியம்பழங்களுக்கு நடுவே கிடந்தது. பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

ஏலம் எடுத்தவர் லாரிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரம் செய்யும் பாய். ஏல நாட்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். ஒயரைக் காட்டினேன்.

"மரத்துல காய் எனுதுங்க சார். எலையும் கெளையும் கவர்மெண்டோடது. இந்த ஒயரு யாரோடதுன்னு உங்க ஏலப் பேப்பர்ல எங்கயும் இல்லீங்களே," என்றார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் மதியம் கேபிள்காரர் வந்து ஒயரை ஒட்டினார். அதே மரத்தில், இன்னும் ஓர் ஆள் உயரம் மேலே கட்டினார். மாலையில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று செய்தி வந்தது.

தேர்வு அமைப்பிலிருந்தும் பதில் வந்தது. அறுந்ததற்குக் காரணம் தேர்வரின் வீட்டுக்கு வெளியே இருந்தது என்று இணைய நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலம் வாங்கி அனுப்புக. நியாயமான கோரிக்கை, நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். மருமகள் நிறுவனத்துக்கு எழுதினாள். ஒரு வாரம் கழித்து முத்திரையோடு கடிதம் வந்தது; தேர்வு அமைப்புக்கும் நகல் போயிருந்தது. அந்த நாளில் உங்கள் பகுதியில் எந்தத் தடையும் இல்லை. பழுது, வாடிக்கையாளரின் வீட்டுக் கருவியில்.

அதைப் படித்துவிட்டு அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், மரம், ஒயர், நிறுவனம், தேர்வு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு அலுவலர் என்று எழுதியிருந்தது. "உங்க ஆபீசு மரந்தானுங்க," என்று வாய்விட்டும் சொன்னாள்.

கேபிள்காரரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் மறைக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து நிறுவனத்தின் செயலியைக் காட்டினார். புகாரை முடிக்க ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்தடை, சாலை தோண்டுதல், வாடிக்கையாளர் கருவி, பிற.

"புளி உலுக்குனதுன்னு இதுல இல்லீங்க சார். 'பிற'ன்னு போட்டா சேலத்துல இருக்குற மேனேஜர் ஒப்புதல் குடுக்கணும், போட்டோ அனுப்பணும். போட்டோல மரம் தெரியும். மரம் தெரிஞ்சா யாரக் கேட்டுக் கட்டுனேம்பாங்க. கஸ்டமர் கருவின்னு போட்டா அஞ்சு நிமிசத்துல மூடிக்கும்."

"எம் பொழப்பும் சேந்து மூடிக்கும்ணா," என்றாள் மருமகள்.

காரணத்தை மாற்றித் தரும்படி அவரிடம் கேட்டேன். மூடிய புகாரைத் திறக்க வழியில்லை. புதிய புகார்தான் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தோம். இப்போது இணையம் வேலை செய்கிறது, ஆகவே புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீடும் தீர்க்கப்பட்டது. தீர்த்துவைப்பதில் இத்தனை வேகத்தை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

மரத்தில் கட்டியது பற்றி என் பழைய அலுவலகத்துக்கே ஒரு மனு போட்டால் ஆய்வு நடக்கும், அறிக்கை வரும், அது சான்றாகும் என்று யோசித்தேன். மருமகள்தான் தடுத்தாள். ஆய்வு நடந்தால் அந்தச் சாலையில் உள்ள எல்லா ஒயரையும் அறுத்துப்போடச் சொல்வார்கள், அப்புறம் மறுதேர்வு கிடைத்தாலும் எதில் எழுதுவது என்றாள். நடைமுறை முழுதும் தெரிந்த எனக்கு அதன் முடிவு தோன்றவில்லை.

நிறுவனம் எழுதித் தராவிட்டால் ஒயரை அறுத்தவரே எழுதித் தரட்டும் என்பது அவளுடைய யோசனை. பாயிடம் போன் செய்து கேட்டாள். தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அறுந்த ஒயரை நான் எடுத்திருந்த படங்களோடு அனுப்பினாள். சில நாட்களில் பதில் வந்தது. அதில் ஒரு கேள்வி. இந்த அறுவடை முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா? தேர்வர் அதை முன்பே அறிந்து, தேர்வை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

புளியைப் பார்த்தே இராத ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டானது. ஏனெனில் பதினொன்றாவது நிபந்தனைப்படி பதில், ஆம், முடியும் என்பதுதான். அந்த நிபந்தனைப்படி நடந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு மூன்று நாட்களுக்கு முன் கடிதம் வந்திருக்கும். அது வரவில்லை என்று காட்டினால் அவள் பக்கம் நியாயம். ஆனால் அதைக் காட்டுவது, கேட்டதும் நமக்காக எழுதிக் கொடுத்த மனிதர் நிபந்தனையை மீறினார் என்று எழுத்தில் சொல்வதாகும்.

"அவரக் கேக்காம அனுப்பமாட்டேன் மாமா," என்றாள். ஏப்ரல் பிறந்துவிட்டிருந்தது. வேலை தருகிறேன் என்ற நிறுவனத்திலிருந்து, சான்றிதழ் என்னவாயிற்று என்று ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தார்கள்.

இருவரும் பாயின் மண்டிக்குப் போனோம். வரிசையாக உட்கார்ந்த பெண்கள் சிறிய சுத்தியலால் பழத்தைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புளிப்பு வாசனையில் கண் கரித்தது. மருமகள் விஷயத்தைச் சொன்னாள். நானும் என் கடமைக்கு, பதினொன்றை மீறினால் பன்னிரண்டின்படி அபராதம் உண்டு என்று எச்சரித்தேன்.

பாய் சிரித்துவிட்டார்.

"சார், எத்தினியோ வருசமா ஏலம் எடுக்கறனுங்க. ஒரு தடவ நோட்டீசு குடுத்துப் பாத்தன். எந்த மரம், எந்தத் தேதின்னு ஊருக்கே எழுதி ஒட்டுனன். அந்தத் தேதிக்குப் போனா மரத்துல எலை மட்டும் இருந்துச்சுங்க."

புளி தட்டிக்கொண்டிருந்த பெண்களும் அவர் சொல்வதை ஆமோதித்தார்கள். அதிலிருந்து எந்த மரத்தில் என்று வேலைக்கு வருபவர்களிடம்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. காலையில் லாரி போய் நின்ற பிறகுதான் அவர்களுக்கே தெரியும். புளி ஏலம் எடுக்கிற எல்லோரும் இப்படித்தான் என்றார்.

நான் அவ்வளவு காலம் பிழை திருத்திக்கொண்டிருந்த நிபந்தனை ஏன் ஒரு காகிதத்தையும் பெற்றுத் தரவில்லை என்பது எனக்கு அந்த மண்டியில்தான் தெரிந்தது. அலுவலகத்தில் யாரையும் கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

"இதையே எழுதிக்கட்டுங்களாண்ணா? உங்களுக்கு ஒண்ணும் வராதே?" என்று மருமகள் கேட்டாள்.

"எழுதும்மா. அந்த ஊர்லருந்து பிளேன் ஏறி வந்து எம்பட ஏலத்த ரத்து பண்ணவா போறாங்க?" என்றார் பாய். அவள் எழுதியதில் கையொப்பமிட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "இவருதான் ஏதாச்சும் பண்ணுவாரு. ரிட்டையர்டு ஆயிட்டாரு, அதனால பயமில்ல," என்றார். பெண்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கிளம்பும்போது எங்கள் பக்கத்து மரங்கள் இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டன என்றும், மறுதேர்வு எந்தத் தேதி என்றாலும் தன்னால் இடையூறு இராது என்றும் உறுதி கொடுத்தார். அதையும் எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

பதிலை நான் வரைந்தேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, மேற்படி பொருள் தொடர்பாக என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். மருமகள் பொறுமையாகப் படித்துவிட்டு நாலு வரியாக்கினாள். அறுவடைக் காலம் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அறுவடை நாள் யாருக்கும் தெரியாது. களவுக்குப் பயந்து அதை வேண்டுமென்றே மறைத்து வைப்பது வழக்கம். முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி உண்டு. அது பின்பற்றப்படவில்லை என்று ஏலம் எடுத்தவர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருக்கிறார். ஏல ஆணையும் நிறுவனத்தின் கடிதமும் இணைப்பில். நமக்கு எதிரான கடிதத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பற்றி நாம் பேசாமல் இருந்தால்தான் தப்பாகத் தெரியும் என்றாள். கேபிள்காரர் காட்டிய நாலு காரணங்களின் படத்தையும், அவர் சம்மதத்தோடு பெயரை மறைத்து, கூடவே வைத்தாள்.

பிறகு காத்திருந்தோம். அவள் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தன் லினக்ஸ் கணினியில் நாள் முழுதும் பயிற்சி செய்தாள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி தட்டுவாள். எங்கோ இருக்கும் கணினி அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லும். பிழை என்றால் உடனே, இன்ன இடத்தில் பிழை என்று சொல்லும். எத்தனையாவது வரியில் என்றுகூடச் சொன்னது. அது தானாகவே சொல்கிறதா, யாராவது உட்கார்ந்து எழுதுகிறார்களா என்று கேட்டேன். யாரோ என்றோ எழுதி வைத்தது, வேண்டுமானால் நீங்களே திறந்து படிக்கலாம் என்று காட்டினாள். ஒரு மாலை முழுதும் படித்தேன். கால்வாசி புரிந்தது.

வேலை தருகிறவர்கள் இரண்டாவது முறையும் விசாரித்தார்கள். மாதக் கடைசிக்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று இம்முறை சேர்த்துச் சொன்னார்கள். அவள் சரி என்று எழுதினாள்.

மறுதேர்வுக்கு அனுமதி, கட்டணம் இல்லை, இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று தேர்வு அமைப்பின் பதில் வந்தபோது நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மருமகள் இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நான் என் வழக்கப்படி முதலில் கடிதம் எழுதிய தேதியைப் பார்த்தேன். நம் ஊர் அலுவலகங்கள் திறக்காத சித்திரை முதல் நாள், ஏப்ரல் பதினான்கு.